எத்தனையாவது வாரம்? புதுச்சேரி சனிக்கிழமை வகுப்பு பற்றி

கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றிச் சண்டை போடாமல் உட்கார்ந்து பேச நம் பக்கத்தில் இடமே இல்லை என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இடம் இருக்கிறது. புதுச்சேரியில் அம்பலத்தடையார் மடத்து வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில், சனிக்கிழமை சாயங்காலங்களில் அறமும் சட்டமும் பற்றி ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். கட்டணம் 1,500 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. கொடுத்த பணம் வீண் இல்லை, தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி லேபர் வார்டில்தான் போனது. அந்தக் கண்ணோடுதான் இந்த வகுப்பைப் பார்த்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வசதிகள். படிக்கட்டு செங்குத்து, லிஃப்ட் கிடையாது. முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி, நல்ல காற்று. மைக் மட்டும் பாதி நேரம் கரகரவென்று இரையும். நடுவில் டீயும் சுண்டலும் தருகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பக்கம் சுற்றுலாக் கூட்டம் நெரியும், வண்டி நிறுத்த இடம் தேடியே அரைமணி போய்விடும். கடலூரிலிருந்து வருபவர்கள் பஸ்ஸில் வருவதே நல்லது. திரும்பும்போது தவளக்குப்பம், கன்னியக்கோயில் வழியாக பஸ் அடிக்கடி இருக்கிறது, கவலை இல்லை.

நடத்துபவர்கள் இரண்டு பேர். சட்டம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு சார், கல்லூரியில் தத்துவம் எடுக்கும் ஒரு மேடம். கருக்கலைப்பை எதோடு ஒப்பிடலாம் என்று வாரத்துக்கு ஓர் உவமை. முதல் பாதியில் அது எங்கே பொருந்துகிறது என்று தேட வேண்டும், டீக்கு அப்புறம் எங்கே பொருந்தவில்லை என்று தேட வேண்டும். "நீங்க எந்தப் பக்கம்?" என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது என்பது விதி. இந்த ஒரு விதிக்காகவே மேடத்தைக் கும்பிடலாம். கருக்கலைப்பு என்றாலே ஒருவர் கொலை என்பார், இன்னொருவர் என் உடம்பு என் உரிமை என்பார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே அது முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் தெருவில் இறங்கி நின்றுகூடப் பேசிக்கொண்டிருந்தோம்.

பாடக் குறிப்புகளை நல்ல தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறார்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முதல் வாரம், 1971-இல் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியை ஒரு கட்டுரையில் சொன்ன கதை. காலையில் கண் விழிக்கிறீர்கள். உங்களோடு முதுகுக்கு முதுகாக, பேர்போன ஒரு வயலின் வித்துவான் நினைவில்லாமல் கிடக்கிறார். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. உங்கள் ரத்தம்தான் அவருக்குச் சேரும் என்று கண்டுபிடித்து, இசை ரசிகர்கள் சங்கத்தார் ராத்திரியோடு ராத்திரியாக உங்களைத் தூக்கி வந்து அவரோடு குழாய் போட்டு இணைத்துவிட்டார்கள். ஒன்பது மாதம் இப்படியே கிடந்தால் அவர் பிழைத்துக்கொள்வார். கழற்றினால் செத்துப்போவார். நீங்கள் கிடந்துதான் ஆக வேண்டுமா?

இந்தக் கதையின் கெட்டிக்காரத்தனத்தை மேடம் அழகாகப் பிரித்துக் காட்டினார். கரு ஒரு முழு ஆளா, இல்லையா என்ற சண்டைக்குள்ளேயே அது போவதில்லை. ஆள்தான், அதுவும் ஊரே கொண்டாடும் ஆள், அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போதும் இன்னொருவர் உடம்பின் மேல் அவருக்கு உரிமை வந்துவிடுமா என்று கேட்கிறது. சட்டத்தில் வராது என்பதற்கு சார் ஒரு வழக்கைச் சொன்னார். 1978-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் மெக்ஃபால் என்பவருக்கு எலும்பு மஜ்ஜை தேவைப்பட்டது. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஷிம்ப் என்பவருடையது சேரும் என்று தெரிந்தும் அவர் தர மறுத்துவிட்டார். நீதிபதி அந்த மறுப்பைத் தார்மீகமாகக் கண்டித்தார், ஆனால் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார். மெக்ஃபால் இறந்துபோனார். நம்முடைய 1994 உறுப்பு மாற்றுச் சட்டமும் அப்படித்தான். பெற்ற பிள்ளைக்கே ஆனாலும் சம்மதம் இல்லாமல் ஒருவர் சிறுநீரகத்தை எடுக்க முடியாது.

பொருந்தாத இடங்களை வகுப்பே எடுத்துவைத்தது. கடத்தி வந்து கட்டிப்போட்டது பாலியல் வன்கொடுமைக்குப் பொருந்தலாம், மற்றக் கர்ப்பங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று சட்டக் கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான். வித்துவான் யாரோ ஒருவர், இது சொந்தப் பிள்ளை என்று இன்னொருவர் சொன்னார். நான் சொன்னது வேறு. அந்தக் கதையில் படுத்திருப்பவருக்கு உடம்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. வாந்தி இல்லை, கால் வீங்கவில்லை, பி.பி. ஏறவில்லை, வலிப்பு வரவில்லை. குழாயைக் கழற்றும்போது நிற்காத ரத்தப்போக்கு வந்து ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஒன்பது மாதம் சும்மா படுத்திருந்தால் போதும் என்பது கர்ப்பத்தைத் தள்ளி நின்று பார்ப்பவர்களின் கணக்கு. "சிஸ்டர், இதை அடுத்த பேட்ச் குறிப்புல சேர்த்துக்கறேன்" என்றார் மேடம். சேர்த்தால் சந்தோஷம்.

அடுத்த வாரம் தமிழாசிரியை ஒருவர் சிபிச் சக்கரவர்த்தியைக் கொண்டுவந்தார். வயலின் கதையைவிட இது எனக்கு நெருக்கமாக இருந்தது. புறா அடைக்கலம் என்று வந்து விழுகிறது. துரத்தி வந்த பருந்துக்குப் பசி. புறாவின் எடைக்கு எடை தன் தொடையை அறுத்து வைக்கிறான் சிபி. தட்டு இறங்காமல் போகவே கடைசியில் தானே தராசில் ஏறுகிறான். ஆசிரியை கேட்டது இதுதான்: "சிபியை ஏன் இத்தனை காலமா பாடறோம்? அவனா அறுத்தான். பக்கத்து நாட்டு ராஜா ஆள் அனுப்பி அவன் தொடையை அறுத்திருந்தா அதுக்குப் பேர் கொடையா?" முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியையும் சேர்த்துக்கொண்டார். தேரை வரியாகப் பிடுங்கியிருந்தால் பாரி வள்ளல் இல்லை. தாய்மையைத் தியாகம் என்று கொண்டாடிக்கொண்டே அதைச் சட்டம் போட்டு வாங்குகிறோம், இரண்டும் ஒன்றாக நிற்காது என்று முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சட்டக் கல்லூரிப் பையன் விடவில்லை. "டீச்சர், புறா யாரோ பெத்தது. சிபிக்குப் பதிலா தாய்ப்புறாவை வெச்சுக் கேட்டா?" நியாயமான கேள்வி.

என்னை உலுக்கிய உவமையைச் சொன்னவர் அரியாங்குப்பத்திலிருந்து வரும் ஓர் அம்மா. கத்தோலிக்கர், ஞாயிறு பூசை தவறாதவர். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த ராத்திரியை எடுத்துக்கொண்டார். இந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. "கதவைத் திறக்கறீங்க. வாசல்ல ஒரு கைக்குழந்தை. ரோடெல்லாம் மரம் சாஞ்சு கெடக்கு, போன் இல்ல, கரண்ட் இல்ல. வீட்ல பால் இருக்கு. நான் கேக்கலையே, நான் பெத்ததில்லையேன்னு கதவைச் சாத்திடுவீங்களா? சாத்தினா அது உங்க உரிமையா?" குரலை உயர்த்தவே இல்லை அவர். யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. எதிர்த் தரப்பில் இவ்வளவு வலுவான ஒன்றைக் கேட்கவும் இடம் வைத்திருப்பதுதான் இந்த வகுப்பின் சிறப்பு.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தக் குழந்தையை விடிந்ததும் இன்னொருவர் கையில் கொடுக்கலாம். பால் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி வரலாம். கர்ப்பத்தில் அது நடக்காது. ஆனால் கர்ப்பத்தின் எல்லா வாரத்திலும் நடக்காதா? அங்கேதான் எனக்கு இந்த உவமைகள் எல்லாவற்றிலும் இருக்கும் ஓட்டை தெரிந்தது.

எதிலும் கர்ப்பம் எத்தனையாவது வாரம் என்ற கணக்கு இல்லை. வயலின் வித்துவான் முதல் நாளும் வித்துவான், கடைசி நாளும் வித்துவான். வாசலில் கிடக்கும் குழந்தை எப்போதும் கைக்குழந்தை. கர்ப்பம் அப்படி இல்லை. ஏழு வாரத்தில் கலைந்து வருவதைக் கிட்னி ட்ரேயில் பிடித்திருக்கிறேன். ரத்தக்கட்டியும் சவ்வும்தான், அந்தப் பெண்ணிடம் காட்டினால் அவளுக்கே எது என்ன என்று தெரியாது. குறைமாதத்தில், 27, 28 வாரத்தில் பிறந்த குழந்தையையும் வாங்கியிருக்கிறேன். எடை ஒரு கிலோவைத் தொடவில்லை, தோலுக்கு அடியில் நரம்பு நீலமாக ஓடும், பாதம் என் கட்டைவிரல் நீளம். ஆனால் மூச்சுக்குத் திணறும், என் விரலைப் பிடிக்கும். அதை இன்குபேட்டருக்குக் கொடுக்கலாம், இன்னொருவர் கையில் கொடுக்கலாம். வாரம் ஏற ஏற அரியாங்குப்பத்து அம்மாவின் உவமை வலுக்கிறது. வாரம் குறையக் குறைய சிபியின் கதை வலுக்கிறது. இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள், வேறு வேறு வாரத்தைப் பற்றி.

நம் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1971 எம்.டி.பி. சட்டத்தில் (மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டம்) 12 வாரம் வரை ஒரு டாக்டர், 20 வரை இரண்டு டாக்டர். 2021 திருத்தத்தில் 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். 20 முதல் 24 வரை இரண்டு டாக்டர், அதுவும் குறிப்பிட்ட சிலருக்குத்தான்: வன்கொடுமைக்கு ஆளானவர்கள், 18 வயது ஆகாதவர்கள், கர்ப்பத்தின்போது கணவனை இழந்தவர்கள், மணமுறிவு ஆனவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் என்று ஒரு பட்டியல். 24-க்கு மேல் சிசுவுக்குப் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவு செய்யும். தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால் மட்டும் வாரக் கணக்கே இல்லை. கருத்தடை தோற்றுப்போனால் என்கிற இடத்தில் பழைய சட்டம் மணமான பெண், அவள் கணவன் என்றுதான் சொன்னது. 2021-இல் பெண், அவள் துணை என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் உண்டு என்று தீர்த்தது.

இவ்வளவையும் கடைசி வாரத்தில், அதிலும் கடைசி கால்மணி நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். இதுதான் நான் சொன்ன பெரிய குறை. அமெரிக்க உவமைகளுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க, நம் வீட்டுப் பெண்கள் தினம் முட்டிக்கொள்ளும் சட்டத்துக்கு டீ ஆறும் நேரம். ஒரு வாரம் முழுக்க அடிமைமுறை உவமைக்குப் போனது. அமெரிக்காவில் கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள், கறுப்பர் குடிமக்களே ஆக முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன 1857-இன் டிரெட் ஸ்காட் தீர்ப்பைக் காட்டி, கறுப்பரை மனிதராக மதிக்காததும் கருவை மனிதராக மதிக்காததும் ஒன்று என்கிறார்கள். ஆதரிப்பவர்கள் விருப்பம் இல்லாமல் பிள்ளை சுமக்க வைப்பதுதான் அடிமைமுறை என்கிறார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் துயரத்தை இரண்டு தரப்பும் இரவல் வாங்கிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாரத்தை எடுத்துவிட்டாலே நம் சட்டத்துக்கு இடம் கிடைத்துவிடும்.

வாரம் எப்படிப் போகிறது என்பது வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2021-க்கு முன்னால் நடந்தது, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. எட்டு மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண். பிரசவத்துக்கு அப்புறம் மாதவிலக்கே திரும்பவில்லை, அதனால் நாள் தள்ளிப்போனது தெரியவில்லை. வயிறு போன பிரசவத்து வயிறு என்று நினைத்திருந்தாள். உள்ளே துடிப்புத் தெரிந்த பிறகுதான் வந்தாள். ஸ்கேனில் 19 வாரம். சட்டப்படி வழி இருந்தது. புருஷன் கையெழுத்து வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புருஷன் கத்தாரில். 18 வயது முடிந்த, மனநலக் குறைபாடு இல்லாத பெண்ணுக்குச் சட்டம் கேட்பது அவளுடைய சம்மதத்தை மட்டும்தான். அதற்கென்றே ஃபார்ம் சி என்று ஒரு தாள் இருக்கிறது, அதில் புருஷன் கையெழுத்துக்குக் கட்டமே கிடையாது. நான் அப்போது நைட் டூட்டி. விஷயம் எனக்குத் தெரிந்தபோது அவள் மறுபடி வந்திருந்தாள், 108-இல். இடையில் 20 வாரம் தாண்டியிருந்தது. யாரோ மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது வாரம் வரைக்கும், அதுவும் டாக்டர் பார்த்துத் தர வேண்டிய மாத்திரை. புடவை, உள்பாவாடை, ஸ்ட்ரெச்சர் விரிப்பு எல்லாம் நனைந்திருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம். பிழைத்துக்கொண்டாள். வீட்டில் விட்டுவந்த குழந்தைக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு வலிக்கிறது என்று என்னிடம் அழுதாள்.

இதை வகுப்பில் சொல்ல சார் எனக்கு நேரம் கொடுத்தார். சொல்லி முடித்ததும் அரியாங்குப்பத்து அம்மா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "அந்தப் பொண்ணை முத தடவையே திருப்பி அனுப்பினவங்கதான் பதில் சொல்லணும்" என்றார். அவர் கருத்து மாறவில்லை, மாற வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் 19-ஆவது வாரத்தில் அவரும் நானும் ஒரே இடத்தில் நின்றோம்.

இதே காரணம்தான் 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கிலும். இரண்டு பிள்ளைகளின் தாய், பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் கர்ப்பம் தெரியவில்லை, பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்குச் சிகிச்சையில் இருந்தார். வழக்கு வந்தபோது 26 வாரம். முதலில் அனுமதி கொடுத்தார்கள், பிறகு இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள், 16-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பின் மேல் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் அதற்கு முன்னால் போன வாரங்கள் மேல்தான். பிரசவமான பெண்ணிடம் பால் கொடுக்கும்போதும் கர்ப்பம் உண்டாகலாம் என்று டிஸ்சார்ஜ் அன்றே புரியும்படி சொன்னால், சந்தேகம் என்று வந்தவளுக்கு அன்றைக்கே யூரின் டெஸ்ட் செய்தால், பாதிப் பேர் 20-ஆவது வாரத்தைப் பார்க்கவே மாட்டார்கள். இந்த வழக்கை வயலின் கதைக்கும் புயல் கதைக்கும் நடுவில் வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்க வேண்டும்.

உவமையே இல்லாமல் நடந்த ஒரு வாரத்தையும் சொல்ல வேண்டும். அதுதான் இருப்பதிலேயே சிறந்த வகுப்பு. அயர்லாந்தில் கால்வே நகரில் 2012 அக்டோபர் 28-இல் இறந்த சவிதா ஹலப்பனவர் பற்றியது. நம் நாட்டுப் பெண், பல் டாக்டர், 31 வயது, 17 வாரக் கர்ப்பம். பனிக்குடம் உடைந்து கரு தங்காது என்று ஆன பிறகும், சிசுவின் இதயத் துடிப்பு இருந்ததால் கலைக்கவில்லை. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. பனிக்குடம் உடைந்த பெண்ணுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் என்ன ஆகும் என்று லேபர் வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். அந்நாட்டு அரசியல் சட்டத்தில் 1983-இல் சேர்த்த எட்டாவது திருத்தம், தாயின் உயிருக்கும் பிறவாத உயிருக்கும் சம உரிமை என்றது. அங்கேயும் வாரம் இல்லை. 2018 மே மாத வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் அதை நீக்க வாக்களித்தார்கள். இப்போது அங்கே சட்டம் 12 வாரம் என்று பேசுகிறது.

அன்றைக்கு சொல்தா குடும்பத்துப் (பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்கள் குடும்பம்) பெரியவர் ஒருவர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், எழுந்து 2024 மார்ச் 4-இல் வெர்சாய் அரண்மனையில் நடந்த பிரெஞ்சு நாடாளுமன்ற வாக்கெடுப்பைச் சொன்னார். கருக்கலைப்புக்கான சுதந்திரத்தை அரசியல் சட்டத்திலேயே சேர்க்க 780 பேர் ஆதரவு, 72 பேர் எதிர்ப்பு. சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கே 1975-இல் பத்து வாரம், 2001-இல் பன்னிரண்டு, 2022-இல் பதினான்கு. இந்த எண்களையும் அவர் பாராமல் ஒப்பித்தார். வகுப்பிலேயே வாரக் கணக்கு பேசிய இன்னொருவர் அவர்தான்.

யார் போகலாம்? சட்டம் படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் போக வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர்கள் போனால் அவர்களுக்கும் லாபம், வகுப்புக்கும் லாபம். ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு அதை உறுதிப்படுத்திக்கொள்ள வருபவர்களுக்கு இது ஒத்துவராது. சமீபத்தில் கரு கலைந்த துக்கத்தில் இருக்கும் பெண்கள் கொஞ்ச நாள் ஆறப்போட்டுப் போங்கள். சில சாயங்காலங்கள் பாரமாக இருக்கும், முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. அதை அவர்கள் சொல்ல வேண்டும்.

கருத்துப் படிவத்தில் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு உவமைக்குக் கீழேயும் இது எத்தனையாவது வாரத்துக்குப் பொருந்தும் என்று எழுத ஒரு வரி விட வேண்டும். எம்.டி.பி. சட்டத்தை இரண்டாவது வார வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஃபார்ம் சி-யைத் தமிழில் அச்சடித்து எல்லோருக்கும் ஒன்று கொடுக்க வேண்டும். மூன்றாவதை உடனே செய்துவிடலாம் என்றார் சார். மற்ற இரண்டையும் பொங்கலுக்கு அப்புறம் தொடங்கும் பேட்சில் பார்க்கிறேன் என்று மேடம் சொல்லியிருக்கிறார். பதிவு செய்ய நேரில்தான் போக வேண்டும், சனிக்கிழமை நாலரைக்கு மேல் ஆள் இருப்பார்கள். கணவனும் மனைவியுமாக வந்தால் ஒரே கட்டணம்தான்.